தறி நம்முடையது, நூல் யாருடையது?

மேசைக் கணினியையும் அதன்மீது கோலோச்சிய மென்பொருள் முதலாளிகளையும் கைக்குள் அடங்கும் திறன்பேசி வெல்லுமா என்ற வினா ஒரு காலத்தில் வல்லுநரிடையே மட்டும் எழுந்தது. இன்று கல்முனைக் கடைத்தெருவில் நிற்பவனுக்கே அதன் விடை தெரியும். ஆயினும் வென்றவர் யார், அவ்வெற்றியால் மக்கள் பெற்றது யாது என்பதை வரலாற்றின் துணைகொண்டே தெளிதல் வேண்டும்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, அதன் இயங்குதளத்தை மைக்ரோசொப்ற் வழங்கியது. நாளடைவில் அவ்வகை இயந்திரத்தைப் பலர் செய்தனர். இயங்குதளமோ ஒருவர் கையிலேயே இருந்தது. மென்பொருள் எழுதுவோர் பெரும்பான்மையோரின் கணினிக்கே எழுதினர். மக்களும் மென்பொருள் மிகுந்த கணினியையே வாங்கினர். ஏகபோகம் தன்னைத் தானே வளர்த்துக்கொண்ட வழி இதுவே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கக் கட்டளையிட்டது. மறு ஆண்டே மேன்முறையீட்டில் அக்கட்டளை நீக்கப்பட்டது.

சட்டத்தால் அசைக்க இயலாத சிம்மாசனத்தைத் திறன்பேசி அசைத்தது. 2007இல் ஐபோனும் 2008இல் அன்ட்ரொயிட் பேசியும் சந்தைக்கு வந்தன. பிந்தி விழித்த மைக்ரோசொப்ற், 2014இல் நொக்கியாவின் பேசித் தொழிலை வாங்கி, மறு ஆண்டிலேயே ஏறத்தாழ 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதிற்று. 2017 மார்ச்சில், உலகின் இணையப் பாவனையில் அன்ட்ரொயிட் விண்டோசைச் சற்றே முந்தியதாக ஸ்ராற்கவுன்ரர் நிறுவனம் கணித்தது.

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களிலோ கணினி என்றுமே அரசோச்சியதில்லை. 2019இல் இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. மீனவனுக்கும் நெசவாளிக்கும் வயற்காரனுக்கும், மத்திய கிழக்கில் உழைக்கும் மகனை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கும், முதற் கணினியாக வாய்த்தது திறன்பேசியே. அது தமிழுக்கும் வழி திறந்தது. கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாய்ச் சிதறியது. ஒருங்குறியும், முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற முயற்சிகளும் தமிழைப் பேசியில் குடியேற்றின. பெருந்தொற்றால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறையும் அப்பேசிக்குள்ளேயே புகுந்தது. இது மெய்யான முன்னேற்றம். இதனை மறுப்பவன் வரலாற்றை மறுப்பவன்.

ஆனால் ஏகபோகம் ஒழிந்ததா? இல்லை, கை மாறியது. பேசி செய்வோர்மீது தன் தேடுபொறியையும் உலாவியையும் திணித்தமைக்காகக் கூகிளுக்கு 2018இல் ஐரோப்பிய ஆணைக்குழு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் தொகையைச் சற்றுக் குறைத்ததேயன்றிக் குற்றத்தை நீக்கவில்லை.

இப்புதிய ஆதிக்கத்தின் விலையை நம் மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலந்ததாக ஒரு வதந்தி எழ, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் வதந்தி முகநூலில் ஊரூராய்ப் பரவிவிட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டம் எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிற்று. முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டதோ 2020இல்! வதந்தியைத் தடுக்கவேண்டிய அதிகாரம் அமெரிக்காவில். அதனால் எரிந்த கடை அம்பாறையில்.

மருதமுனை நெசவாளி இதனை எளிதில் விளங்கிக்கொள்வான். தறி அவன் வீட்டில். நூலும் சாயமும் பிறர் கையில். அவற்றின் விலை ஏறினால் அவனுடைய தறி ஓய்கிறது. திறன்பேசியும் அவ்வாறே: கருவி நம் கையில், அதன் விதிகள் பிறர் கையில்.

மாற்றுவழி இல்லையா? உண்டு, அதுவும் இந்நாட்டிலேயே பிறந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோளில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அவ்வழிவின் நடுவே, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்ய, இலங்கைப் பொறியியலாளர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில நாட்களில் சஹானா என்னும் மென்பொருளை ஆக்கினர். எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய பொதுச்சொத்தாக அதனை விட்டனர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. இலாபத்தை வேண்டாத உழைப்பும் இயந்திரத்தை இயக்கும் என்பதற்கு அது சான்று.

ஆகவே பேசியா கணினியா என்று கேட்பது போதாது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் நம் பிள்ளைகள், பிறர் நூற்ற நூலை நெய்வதோடு நிற்பார்களா, தாமும் நூற்கத் துணிவார்களா என்பதே நம் முன்னுள்ள கேள்வி. சிம்மாசனத்தில் ஆள் மாறுவது விடுதலையாகாது. விதியை எழுதும் கை நம்முடையதாகும் நாளே விடுதலை நாள்.