ஏடு யார் கையில்? மன்னாரில் கல்வியும் தலைமையும்

2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அதன்முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் முற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் கச்சேரித் தரவின்படி 429,059 பேர். போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐ.நா. கணக்கின்படி 282,380 பேர். மீதி 146,679 பேர் எங்கே என்று அவர் கேட்டார். கண்ணீரையும் கோபத்தையும் மறுத்துப் பேசலாம். அரசின் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த எண்ணைப் பற்றிய வாதங்கள் இன்னும் ஓயவில்லை. அவை இக்கட்டுரையின் பொருளும் அல்ல. ஒரு கரையோர மாவட்டத்தின் தலைமை ஏன் ஓர் ஆயரின் கையில் இருந்தது, அந்தத் தலைமை ஏன் ஏட்டையும் எண்ணையும் ஆயுதமாக எடுத்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நாட்டின் வளர்ச்சியில் கல்வியின் பங்கைப் பேசும் எழுத்துகள், இலங்கையின் உயர்ந்த எழுத்தறிவு வீதத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவது வழக்கம். மன்னாரிலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. எழுத்தறிவு ஒரு மாவட்டத்துக்கு வந்து சேர்வது ஒரு காரியம். அந்த மாவட்டத்தின் ஏடுகளை அந்த மாவட்டத்துப் பிள்ளையே வைத்திருக்கும் நிலை வருவது இன்னொரு காரியம். மன்னாரில் இந்த இரண்டுக்கும் இடையில் நாலு நூற்றாண்டு இடைவெளி இருந்தது.

போர்த்துக்கேயர் 1560 இல் மன்னார்த் தீவைப் பிடித்தபோது முத்துக்குளித்துறைப் பரதவர்களில் ஒரு பகுதியினரையும் புன்னைக்காயலிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களோடு தொடர்புடைய அண்டிரிக் அடிகளார் அக்காலத்தில் மன்னாரிலும் தங்கிப் பணி செய்தார்; இங்கிருந்து கடிதங்களும் எழுதினார். 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய ஆக்கம். தமிழ் அச்சின் தொடக்கக் கதையில் மன்னாருக்கும் ஓர் ஓரத்து இடம் உண்டு என்பதை நம்மவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்கக் கோவில்களைச் சீர்திருத்தச் சபைக் கோவில்களாக மாற்றி, ஒவ்வொன்றோடும் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டவைத்தார்கள். தோட்டவெளி, கரிசல், எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் ஆகிய ஊர்க் கோவில்களைப் பல்தேயுஸ் பாதிரியார் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இரட்டை வேலை. காலையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பார். பிறகு ஞானஸ்நானம், கலியாணம் எல்லாவற்றையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிவார். பள்ளிக்கு வராத பிள்ளைக்குத் தண்டப்பணமும் உண்டு. யார் யாருக்குப் பிறந்தவர், யார் யாரைக் கட்டினார், சொத்துக்கு யார் உரித்தாளி என்பதெல்லாம் அவர் ஏட்டில் இருந்தால்தான் செல்லும். ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு அவருடைய பாடத்தால் வந்ததைவிட அந்தத் தோம்பால் வந்தது என்றே நினைக்கிறேன். கல்வியும் அதிகாரமும் ஒரே மேசையில் அமர்ந்த காட்சி இது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரம் மட்டும் வெளியூர்க்காரருடையது.

முத்துக்குளிப்பின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சிலாவத்துறை, அரிப்புக் கடலிலிருந்து வந்த வருமானம் கொழும்புக்கும் இலண்டனுக்கும் போனது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் குளிப்பைப் பார்வையிட அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடு இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1906 இல் முத்துப் பார்களை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது நொடித்தது. இவ்வளவு செல்வம் விளைந்த கரையில் அந்தப் பணத்தால் எழுந்த ஒரு கல்லூரியைக் காட்ட முடியாது.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால்தான் இந்த வெறுமை துலங்கும். அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அதற்கு எதிர்வினையாக நாவலரின் சைவப் பாடசாலைகள் எழுந்தன. போட்டியிருந்த இடத்தில் பள்ளிகள் பெருகின. மன்னாரில் அந்தப் போட்டி இல்லை. திருக்கேதீச்சரத்தை மீட்கவேண்டுமென்று 1872 இல் நாவலர் எழுப்பிய குரல் கோவிலுக்கு உயிர் கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு அல்ல. பாலாவிக் கரையில், மாதோட்டத்தில் உள்ள அக்கோவில் பாடல் பெற்ற தலமாகப் புகழ்பெற்றிருந்தும், சைவ ஆங்கிலக் கல்வி இங்கே வேர்விடவில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் முனைந்து நின்றவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பொஞ்ஞோன் ஆண்டகை. 1868 இல் யாழ்ப்பாண மறைமாநிலப் பொறுப்பை ஏற்ற அவரே மடுவின் புதிய தேவாலயத்துக்கும் அடித்தளமிட்டார். சமயப் பாடசாலைகளுக்கு அரசு உதவி தரவேண்டும் என்று அவர் விடாது வாதாடினார். 1869 இல் கல்வித் திணைக்களம் உருவாகி உதவி நன்கொடை முறை வந்தபோது, பங்குத்தந்தையே பாடசாலை முகாமையாளராகவும் ஆனார். வாத்தியாரை நியமிப்பவரும் நீக்குபவரும் அவர். அரசுக்கு அறிக்கை அனுப்புபவரும் அவர். தோம்பு போய் வரவுப் பதிவேடு வந்தது. ஏடு வைத்திருப்பவர் மாறவில்லை. கோவிலடியில் வளர்ந்த பிள்ளைக்கு இதனால் எழுத்து கிடைத்தது. எருக்கலம்பிட்டி முஸ்லிம் பிள்ளைக்குப் பள்ளிவாசலில் ஓதலும் அரபுத் தமிழும் கிடைத்தன. அரச பரீட்சைக்கு அவை உதவவில்லை.

ஆனால் ஏடு என்றால் பாடசாலை ஏடு மட்டுமா? மன்னார்க் கிராமங்களில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் என்றொருவர் இருந்தார், சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். நாடகக் கொப்பி அவர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும். அறுவடை முடிந்தபின் மாதக்கணக்காகப் பழக்கம் நடக்கும். எழுத வாசிக்கத் தெரியாத கடற்றொழிலாளிக்கு அண்ணாவியார் அடியடியாகச் சொல்லிக்கொடுப்பார். அந்தத் தொழிலாளி நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் தருக்களையும் மனத்தில் ஏற்றி விடிய விடிய ஆடுவார். யாருக்கு ராசா வேடம், யாருக்குக் கட்டியகாரன் என்று தீர்மானிக்கும் உரிமையும் அண்ணாவியாருக்குரியது; அதில் மூளும் சண்டையைத் தீர்ப்பவரும் அவர்தான். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று கூத்தையே இரண்டாகப் பிரித்துப் பேணிய கரை இது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசர், ஞானசவுந்தரி முதலிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தபோதுதான் பல்கலைக்கழகம் அண்ணாவியாரின் கொப்பியை ஏடாக ஒப்புக்கொண்டது. உள்ளூர்க்காரர் கையில், உள்ளூர்க்காரருக்காக இருந்த ஒரே கல்வித் தலைமை இது என்பேன். பாடவிதானத்தில் அதற்கு இடமிருக்கவில்லை.

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. யாழ்ப்பாணத்தின் நாலு தொகுதிகள் தேர்தலைப் பகிஷ்கரித்தன. மன்னார்–முல்லைத்தீவு உறுப்பினரைத் தெரிவுசெய்தது. 1947 இல் மன்னார் தெரிவுசெய்த சி. சிற்றம்பலம் கேம்பிரிஜில் கணிதம் படித்த, சிவில் சேவையிலிருந்த யாழ்ப்பாணத்தவர். முதல் மந்திரிசபையில் தபால், தந்தித் தொடர்பு அமைச்சரானார். திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாராளுமன்றத்துக்கு அனுப்பப் படித்த ஆளை மன்னார் வெளியே தேடவேண்டியிருந்தது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் வந்திருந்தும் அதன் பலன் கனிய ஒரு தலைமுறை வேண்டும். 1960–61 இல் உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் முகாமையாளர் என்ற பாதிரியார் பதவியும் போனது. கத்தோலிக்கர் கொதித்தார்கள். ஆனால் வாத்தியார் வேலைக்குப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

பிறகு வந்தது பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். தமிழ் அரசியல் நூல்களில் இது ஒரே நிறத்தில் தீட்டப்படுகிறது. முதற்கட்டத்துக்கு அந்த நிறம் பொருந்தும்: 1971 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் வெட்டுப்புள்ளிகள். இதில் மன்னார்ப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் ஒரே தராசில் தோற்றார்கள். 1974 இல் மாவட்டக் கோட்டா வந்ததும் தராசு மாறியது. யாழ்ப்பாணத்தில் அது பேரிடி. மன்னார், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் மருத்துவ பீடத்தின் வாசல் முதன்முறையாகத் தெரிந்தது. இந்த உண்மையை வெளிப்படையாக எழுத நம்மில் பலருக்கு இன்றும் கூச்சம் இருக்கிறது. ஓர் இனத்துக்கு அநீதியாக வந்த ஏற்பாடு, அதே இனத்தின் பின்தங்கிய கரைக்கு ஓர் ஏணியாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு சிந்திக்கும் தலைமை அப்போது இருந்திருந்தால் வாதமே வேறு திசையில் போயிருக்கும். இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய பட்டியலில் இப்போது யாழ்ப்பாணமும் மன்னாரோடு சேர்ந்து நிற்கிறது.

ஏணியில் ஏறியவர்கள் திரும்பிவந்து நாற்காலியில் அமர்வதற்குள் போர் மூண்டது. 1981 இல் ஏறத்தாழ 1,06,000 ஆக இருந்த மாவட்டச் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பது ஆண்டில் வளராமல் குறைந்திருக்கிறது. மடுவும் பேசாலையும் அகதி முகாம்களாயின. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன வகுப்பறைகளில் இவர்கள் பிற்பகல் படித்தார்கள். எருக்கலம்பிட்டி என்ற பெயரையே சுமந்துகொண்டு நாகவில்லுவில் ஒரு பாடசாலை எழுந்தது. ஊர் இல்லாதபோது ஊரின் பெயர் பாடசாலைப் பலகையில் வாழ்ந்தது. பிற்காலத்தில் அமைச்சரான ரிஷாட் பதியுதீன் போன்ற அரசியல் தலைமையும் இந்த இடம்பெயர்ந்த சமூகத்திலிருந்துதான் 2001 இல் பாராளுமன்றம் போனது. மீண்டும் ஏட்டுப் பிரச்சினை: இவர்கள் பெயர் மன்னார் வாக்காளர் இடாப்பிலா, புத்தளத்திலா? 2013 இல் அதற்கென ஒரு விசேட சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

1981 இல் மன்னார் தனி மறைமாவட்டமானது. 1992 இல் இராயப்பு யோசேப்பு ஆயரானார். பாராளுமன்ற அரசியல் வாயடைத்துப்போன ஆண்டுகளில் காணாமற்போனோரின் பெயர்கள் ஆயரில்லத்துக்கு வந்தன. அங்கே அவை எழுதப்பட்டன. ஒல்லாந்தர் காலத் தோம்பின் வாரிசாக அந்தக் குறிப்பேடுகளைப் பார்க்கலாம், ஒரு மாற்றத்தோடு. அது மேலிடத்துக்காக ஊரை எண்ணியது, இவை ஊருக்காக மேலிடத்தைக் கேட்டன.

போருக்குப்பின் தீவைத் தரையோடு இணைக்கும் பாலம் புதிதாயிற்று, 2015 இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது, 2021 இல் வவுனியா வளாகம் பல்கலைக்கழகமாயிற்று. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பதும் 2020 டிசம்பரிலிருந்து சுழல்கின்றன. அடுத்த கட்டத் திட்டங்களுக்கும் இல்மனைற்று மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 இல் தீவு எழுந்தது. ஓகஸ்டில் சனாதிபதி ஒரு மாத இடைநிறுத்தம் அறிவித்தார். வாதம் முழுவதும் அறிக்கைகளின் மேல் நடந்தது: மழைநீர் ஓடும் வழி, வலசைப் பறவைகளின் பாதை, நிலத்தடி நீரின் உவர். இலவசக் கல்வியிலும் மாவட்டக் கோட்டாவிலும் படித்து வந்த தலைமுறை இந்த அறிக்கைகளை வாசிக்கத் தெரிந்த தலைமுறை. அந்தப் போராட்டத்தை நடத்திய மன்னார் பிரஜைகள் குழுவின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு.