முள்ளும் எரிமலைக் கல்லும் வடித்த சைக்கிள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிக்கும் டிரையத்லான், இன்று நாம் அறியும் வடிவில் 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கியது. 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தது. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அதற்குப் பிறகு இந்த விளையாட்டின் சைக்கிள் வளர்ந்ததெல்லாம் காற்றை வெல்வதற்காகத்தான். முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் ஹேண்டில்பார் 1980-களின் பிற்பாதியில் வந்தது. டயர் மெலிந்தது, அதிலிருந்த காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ-யைத் தாண்டியது. சமதளமான தார்ச்சாலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கருவிகள் இவை. 1996-இல் மௌயி தீவில் 'அக்வாடெர்ரா' என்று தொடங்கி, பிறகு 'எக்ஸ்டெர்ரா' என்று பெயர் மாறிய போட்டி அந்த நம்பிக்கையைக் கைவிட்டது. 1.5 கிலோமீட்டர் கடல் நீச்சல் முடிந்ததும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சைக்கிள் பாதையும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் ஹலேயகலா எரிமலைச் சரிவின் கரட்டு நிலத்தில்தான். அன்றிலிருந்து இந்தக் காட்டுவழி டிரையத்லானின் கருவிகளைத் தீர்மானித்து வருவது நிலம்தான், கடையோ விளம்பரமோ அல்ல என்பதே என் வாதம். அதற்கான சான்று அந்தக் கருவிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இந்தப் போட்டியில் ஓட்டும் மலைச் சைக்கிளின் பிறப்பிலிருந்தே இதைப் பார்க்கலாம். 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்ட இளைஞர்கள், 1930-களில் செய்யப்பட்ட ஷ்வின் நிறுவனத்தின் தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, டமல்பயஸ் மலையின் மண் பாதைகளில் ஓட்டி இறங்கினார்கள். 1976-இல் அந்த மாவட்டத்தில் தொடங்கிய இறக்கப் பந்தயத்தில், பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் சூடேறி ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து போகும். மறுமுறை இறங்குவதற்கு முன் ஹப்பைக் கழற்றிப் புதிதாக கிரீஸ் அடைத்தாக வேண்டும். அத்தகைய மலைப் பாதைகளுக்கென்றே ஜோ பிரீஸ் 1977-இல் ஒரு சட்டகத்தை வடிவமைத்துச் செய்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே மலைச் சைக்கிள் எல்லாக் கடைகளுக்கும் வந்தது. கல்லில் மோதிக் கை மரத்துப்போவதைக் குறைக்க, 1990-ஐ ஒட்டி முன்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வந்தது. அதே சமயம் ஷிமானோ கொண்டுவந்த எஸ்பிடி பெடல், பூட்டும் இரும்புத் துண்டை ஷூவின் அடிப்பகுதிக்குள் பதித்துவிட்டது. செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியவருக்கு அந்தச் சிறு மாற்றம் பெரிய உதவி. இவை எல்லாமே மலையில் ஒருவர் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தவை.

எக்ஸ்டெர்ரா தொடங்கிய மௌயியின் தென்கரை இதில் இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. அந்த வறண்ட நிலம் முழுக்க எரிமலைக் கல்லும் கியாவே மரமும்தான். கியாவே ஹவாயின் சொந்த மரம் அல்ல. 1828-இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் நட்ட மரத்திலிருந்து தீவுகளெங்கும் பரவியது. நம் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்திருக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. அதன் முள் டயரை என்ன செய்யும் என்று இராமநாதபுரத்துச் சைக்கிள்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ட்யூப் போட்ட டயருக்கு அங்கே இரட்டை ஆபத்து. காற்றைக் கூட்டினால் சக்கரம் கல்லில் துள்ளிப் பிடிமானம் போகும். குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிக் கிழியும். இந்தச் சிக்கல் மௌயிக்கு மட்டும் உரியது அல்ல, முள்ளும் கல்லும் உள்ள எல்லா மலைப் பாதைக்கும் பொது. அதற்கான விடை, 1999-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த ட்யூப் இல்லாத டயரும், அதற்குள் ஊற்றும் ரப்பர்ப் பால் கலவையும். முள் குத்தியதும், வெளியேறும் காற்றே அந்தப் பாலைத் துளைக்குள் தள்ளுகிறது. சில நொடிகளில் அது உறைந்து அடைத்துக்கொள்கிறது. ட்யூப் இல்லாததால் நசுங்கிக் கிழியும் பயமும் இல்லை, 25 பிஎஸ்ஐ அளவிலேயே ஓட்டலாம். தார்ச்சாலைப் போட்டிக்காரர் ஏற்றும் அழுத்தத்தில் இது கால் பங்கு. காட்டுவழி டயர் தரையை எதிர்ப்பதில்லை, அதற்கு வளைந்து கொடுக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும்: விலையுயர்ந்த சைக்கிள்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது, பணமுள்ளவர் விளையாட்டுக்கு நிலத்தின் பெயரைச் சொல்வானேன்? விலை உண்மைதான், நல்ல மலைச் சைக்கிள் பலருக்கு எட்டாக்கனி. ஆனால் வெற்றியாளர் பட்டியல் வேறு கதை சொல்கிறது. 1990-இல் முதல் உலக மலைச் சைக்கிள் சாம்பியனான நெட் ஓவரெண்ட், 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளும் எக்ஸ்டெர்ரா உலகப் பட்டத்தை வென்றபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். முன்னணியில் இருந்த எல்லாரிடமும் நல்ல சைக்கிள் இருந்தது. அவரிடம் கூடுதலாக இருந்தது பாதையைப் படிக்கும் கண். ஒலிம்பிக் டிரையத்லானில் தங்கம் வென்ற ஹாமிஷ் கார்ட்டர் 2006-இலும், வெள்ளி வென்ற ஹாவியர் கோமெஸ் 2012-இலும் இதே பட்டத்தைப் பெற்றதைக் காட்டி, உடல்வலுவே போதும் என்று சிலர் சொல்லலாம். இருவரும் ஒப்பற்ற நீச்சல்காரர்கள், ஓட்டக்காரர்கள் என்பது சரி. ஆயினும், தென்னாப்பிரிக்காவின் கான்ராட் ஸ்டோல்ட்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் பெறாதவர். இங்கே சைக்கிள் திறமையால் நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். கருவி ஒருவரைப் போட்டிக்குள் நிற்க வைக்கிறது. அதற்கு மேல் ஆள்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எக்ஸ்டெர்ராவே தொலைக்காட்சிக்காகவும் சுற்றுலாவுக்காகவும் ஒரு நிறுவனம் உருவாக்கிய போட்டி. நிசான் நிறுவனம் அந்தப் பெயரிலேயே ஒரு கார் விற்றது. அப்படிப்பட்ட விளையாட்டில் நிலம் எதைத் தீர்மானித்துவிட முடியும்? வணிகத் தொடக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. வணிகத்தால் போட்டிக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். தேர்ந்த பிறகு அந்த இடத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். 2011-இல் உலகப் போட்டி மௌயியின் மேற்குப் பக்கமான கபாலுவாவுக்கு மாறியது. அங்கே முள்ளை விட, மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் களிமண்ணே கவலை; மண்ணை உதறித் தள்ளும்படி கட்டைகள் தள்ளித் தள்ளி அமைந்த டயர் தேவைப்பட்டது. 2022-இல் இத்தாலியின் மொல்வேனோ ஏரிக்குப் போனதும், வெதுவெதுப்பான ஹவாய்க் கடலில் தேவைப்படாத ரப்பர் நீச்சலுடை முக்கியமாகிவிட்டது. விளம்பரதாரர் மாறியதால் நிகழ்ந்தவை அல்ல இவை, மண்ணும் நீரும் மாறியதால் நிகழ்ந்தவை.

எனவே இந்த விளையாட்டுக்குள் வர விரும்புவோர் விலைப்பட்டியலை முதலில் திறக்க வேண்டாம். போட்டி நடக்கும் இடத்தில் கல்லா, முள்ளா, சேறா, தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று விசாரியுங்கள். தரமான ஹெல்மெட், அந்த மண்ணுக்கேற்ற டயர், நடுவழியில் பஞ்சரைத் தானே சரிசெய்யத் தெரிந்த கை, இவை மூன்றும் இருந்தால் சாதாரண மலைச் சைக்கிளிலேயே முதல் போட்டியை முடிக்கலாம். மற்றதை அந்தப் பாதையே உங்களுக்குச் சொல்லும். அது கேட்ட பிறகு வாங்குங்கள்.