ஆறடி மனிதனும் இரண்டு பேட்டரியும்: ராணுவ மாதிரிக் கிட்களில் அளவு விகிதங்கள் உருவான வரலாறு

ராணுவ மாதிரிக் கிட் எதை எடுத்தாலும், பெட்டி ஓவியத்துக்கு அடுத்தபடி கண்ணில் படுவது ஒரு பின்னம்: 1/72, 1/35, 1/48, 1/700. அசலை நுணுக்கமாக அளந்து சுருக்கியிருக்கிறார்கள் என்பதற்கான உத்தரவாதமாகவே வாங்குபவர் அதை எடுத்துக்கொள்கிறார். சுருக்கியது உண்மைதான். ஆனால் ஏன் 72, ஏன் 35 என்று கேட்டால் விமானத்திலோ டாங்கியிலோ விடை கிடைக்காது. அங்குலக்கோல், பொம்மை ரயிலின் மோட்டார், கடைப் பெட்டி, பேட்டரி ஆகிய வெளிச் சரக்குகளே இந்த எண்களைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

முதலில் 72. பிரிட்டனில் 1932-இல் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் 1/72 அளவில் மர விமானக் கிட்கள் விற்பனைக்கு வந்தன. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ். ஆறடி என்றால் 72 அங்குலம். ஆகவே இந்த விகிதத்தில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். அடிக்கோலோடு வளர்ந்த ஒருவருக்கு மனக்கணக்கிலேயே ஓடும் விகிதம் இது. மீட்டர் முறையில் பழகியவருக்கோ 72 என்பது எந்தப் பொருளும் இல்லாத எண். 1936-இல் ஃபிராக் நிறுவனத்தார் இதே அளவில் பிளாஸ்டிக் கிட்களை வெளியிட்டார்கள். நிறுவனத்தின் பெயர், தரையிலிருந்து நேரே பறக்கும் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது; அவர்களுடைய ரப்பர் முறுக்கு விமானங்கள் அப்படியே பறந்தன. புதிய பிளாஸ்டிக் வரிசை பறக்காது என்பதால் அதற்குப் பெங்குவின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல குறும்பு. அவர்கள் பயன்படுத்திய செல்லுலோஸ் அசிட்டேட் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. வருடங்கள் போகப் போக இறக்கைகள் வளைந்து நெளிந்தன.

இரண்டாம் உலகப் போர்தான் இந்தப் பொழுதுபோக்கைப் பெற்றெடுத்தது என்று சொல்வது மிகை. ஸ்கைபேர்ட்ஸும் பெங்குவினும் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன. போர் செய்தது, 72-க்கு அரசு முத்திரை குத்தியது. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாதிரிகள் கேட்டது: 50 ரகம், ரகத்துக்குப் பத்தாயிரம். மரத்தில் செதுக்கி, இழைத்து, முழுக்கக் கறுப்பு பூச வேண்டும். தொலைவில் வரும் விமானம் முதலில் நிழலுருவாகத்தானே தெரிகிறது, நிறமும் குறியும் அப்புறம். மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளித் தூக்கிப் பிடித்தால் அசல் 720 மீட்டரில் இருப்பது போலிருக்கும். அது நம்முடையதா, எதிரியுடையதா என்று துப்பாக்கி வீரர் அந்தக் கறுப்பு உருவை வைத்தே சொல்லப் பழகினார். பின்னர் சிகாகோவின் குரூவர் நிறுவனம் இதே வேலைக்குப் பிளாஸ்டிக்கிலும் வார்த்துக் கொடுத்தது.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்தது. லண்டனில் ஹங்கேரியரான நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், காற்றடைத்த ரப்பர் பொம்மையிலும் தலைவாரும் சீப்பிலும் காலம் தள்ளிய நிறுவனம். 1953-இல் 1/72 ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. அசலின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர், மாதிரியில் 15.6 சென்டிமீட்டர், உள்ளங்கையை விட நீளம். அதே 1953-இல் அமெரிக்காவின் ரெவெல் வெளியிட்ட மிசௌரி போர்க்கப்பலின் அளவோ 1/535! எந்த அடிக்கோலிலும் அடங்காத எண். பெட்டி இந்த அளவு என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கப்பலை அதற்குள் மடக்கினால் இப்படித்தான் வரும். இதைப் பெட்டி அளவு என்றே மாதிரிக்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள்.

ஏர்ஃபிக்ஸின் சிறிய டாங்கிகள் 1/72 அல்ல, 1/76. காரணம் ரயில். அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற அளவில் பிரிட்டிஷ் ரயில் எஞ்சினைச் செய்தால் அக்கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. ஐரோப்பிய எஞ்சின்களை விடப் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒடுங்கியவை. தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெருக்கினார்கள். அந்த விகிதம்தான் 1/76. ரயில் மேசைக்குத் துணையாகப் பிறந்த டாங்கியை 1/72 விமானத்தின் பக்கத்தில் வைத்தால் ஆறடி வீரன் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குள்ளமாகிவிடுகிறான்.

மோட்டார் இன்னொரு முறையும் தலையிட்டது. ஜப்பானின் ஷிசுவோகாவில் தமியா மரக்கடையாகத் தொடங்கி மர மாதிரிகளுக்கு மாறிய நிறுவனம். 1960-இல் அவர்களுடைய முதல் பிளாஸ்டிக் கிட்டான யமாட்டோ கப்பல், போட்டியாளரின் மலிவு விலைக்கு முன் நிற்க முடியாமல் நஷ்டத்தில் முடிந்தது. அடுத்து ஜெர்மானியப் பாந்தர் டாங்கி: மோட்டாரில் ஓடும் பொம்மை. அதற்குள் இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். உடலின் அளவை அதுவே முடிவு செய்தது. கிட் நன்றாக விற்றது. பிற நாட்டு டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாமே என்று நிறுவனத்தைச் சேர்ந்த ஷுன்சாகு தமியா பாந்தரை அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 1/35 வந்தது. இதை அவரே தன் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பழைய தமியா டாங்கி ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் அடித்தட்டில் சுவிட்சுக்கும் மோட்டாருக்குமான ஓட்டைகள் இருக்கும். கண்காட்சிக்கு ஒட்டுபவர்கள் புட்டி வைத்து அவற்றை அடைத்துத் தேய்க்கிறார்கள். என் பார்வையில் எந்த ஆவணத்துக்கும் குறையாத சான்று அந்த ஓட்டை.

நுணுக்கம் பிறகுதான் வந்தது. அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் திடலில் நிறுத்தியிருந்த டாங்கிகளைப் படமெடுக்க ஷுன்சாகு நேரிலேயே போனார். 1971-இல் ஷிசுவோகாவின் தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கும் கப்பல்களுக்கு 1/700 என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. போட்டியாளர்கள் உட்கார்ந்து பேசி ஒரு விகிதத்தைப் பொதுவாக்கியது கவனிக்கத்தக்கது.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட பின்னம் மட்டுமே நுணுக்கத்துக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. 1986-இல் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் எஃப்-19 என்ற ரகசிய ஸ்டெல்த் விமானத்தின் கிட்டை வெளியிட்டது. வடிவமைத்த ஜான் ஆண்ட்ரூஸ் அசலைப் பார்த்ததில்லை. கிட் அமோகமாக விற்றது; அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணை வரைக்கும் போனது. 1988 நவம்பரில் விமானப்படை உண்மையான படத்தை வெளியிட்டபோது அதன் பெயர் எஃப்-117. உடலெங்கும் சப்பைத் தகடுகள், கூர்முனைகள். கிட்டோ வழவழவென்று வளைந்த உடல் கொண்டது. அதன் பெட்டியிலும் அளவு அச்சிட்டிருந்தார்கள்: 1/48.