உறையின் பின்பக்கத்துப் பெயர்

போன செமஸ்டர் எங்கட பட்ச்சுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில் எங்கள் விரிவுரையாளரின் பெயரும் முகவரியும். பரீட்சைப் பதிவுக்கென்று ஒரு லிங்க். கனபேர் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் அப்படி ஒன்றை அனுப்பவே இல்லை. பிறகு வந்த அறிவித்தல், மாணவர்கள் கவனமாக இருக்கவேண்டும் என்றது.

இன்னொருவரின் முகவரியிலிருந்து எப்பிடி அனுப்பலாம்? பதிலைத் தேடி நாங்கள் 1982க்குப் போகவேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்டில் ஜோன் பொஸ்டல் எஸ்.எம்.ரி.பி. என்ற நெறிமுறையை எழுதினார். மின்னஞ்சலை ஒரு சேர்வர் இன்னொன்றிடம் கையளிக்கும் முறை அது. ஒரு விடயத்தில் அது கண்டிப்பானது. "பெற்றுக்கொண்டேன்" என்று சொன்ன சேர்வர் கடிதத்தைச் சேர்ப்பிக்கவேணும், முடியாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிக்கவேணும். ஆனால் அனுப்புவது யார் என்று அது விசாரிக்கவில்லை. கடித உறையின் பின்பக்கத்தில் யாருடைய பெயரையும் எழுதலாம்தானே, அதுமாதிரித்தான். வலையமைப்பு அன்று சின்ன ஊர். ஆளை ஆள் தெரியும்.

அந்த நம்பிக்கை 1988 நவம்பர் 2இல் ஆட்டம் கண்டது. கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர் ரொபேர்ட் மொரிஸ் விட்ட 'வோர்ம்' சுமார் 6,000 கணினிகளில் புகுந்ததாக மதிப்பிட்டார்கள். அது பாவித்த வழிகளில் ஒன்று, பெர்க்லியில் எரிக் ஓல்மன் எழுதிய 'சென்ட்மெயில்'. பிழை திருத்துவதற்காக அதில் ஒரு வசதி இருந்தது. அது திறந்திருந்தால், பெறுநரின் முகவரி வரவேண்டிய இடத்தில் கட்டளையைக் கொடுத்தாலும் சேர்வர் அதை நிறைவேற்றியது.

சென்ட்மெயில் வாங்குவது, பிரிப்பது, அனுப்புவது எல்லாவற்றையும் ஒரே பெரிய நிரலாகச் செய்தது, அதுவும் பெரும்பாலும் நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு. 1998இல் ஐ.பி.எம். ஆய்வுகூடத்திலிருந்து வியற்சே வெனெமா வெளியிட்ட 'போஸ்ற்ஃபிக்ஸ்' இதை மாற்றியது. வேலை சின்னச்சின்ன நிரல்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தேவையான அதிகாரம் மட்டும். வெளியாளிடம் கடிதம் வாங்கும் நிரல் ஏமாந்தாலும் முழு வீடும் பறிபோகாது.

இதால் சேர்வர் பாதுகாப்பானது. ஆனால் உறையின் பின்பக்கத்துப் பெயர் அப்படியே இருந்தது. அதற்கான மருந்துகள் பிறகுதான் வந்தன. எஸ்.பி.எஃப்., ஒரு டொமைனின் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்று அறிவிக்கிறது. டி.கே.ஐ.எம். கடிதத்தில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. 2012இல் வெளியான டிமார்க், சோதனையில் தவறும் கடிதத்தை நிராகரிக்கச் சொல்ல வழிசெய்கிறது. ஆனால் இவை தாமாக இயங்காது. டொமைனை வைத்திருப்பவர்தான் நிறுவவேணும்.

எங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தோம். கையொப்பம் இல்லை. அப்படிப்பட்டதை நிராகரிக்கும்படி அந்த டொமைன் யாரிடமும் சொல்லியிருக்கவும் இல்லை.

நாங்கள் கவனமாக இருந்திருக்கலாம், உண்மைதான். ஆனால் பூட்டு விற்பனைக்கு வந்து இத்தனை வருடமாகியும் கதவைத் திறந்தே வைத்திருந்தவர்களுக்கு யார் அறிவித்தல் அனுப்புவது?