தடா - ஒரு பட்டப்படிப்பும் ஒரு கைலியும்

தடா என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு அந்தச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். 1985-இல் வந்து 1995-இல் காலாவதியானது. நான் சொல்வது ஊர். சென்னையிலிருந்து கல்கத்தா ரோட்டில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டியதும் ஆந்திராவில் வரும் முதல் ஊர். முன்பெல்லாம் எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபிறகு அந்த வரிசை போய்விட்டது. டீக்கடைக்காரர் தெலுங்கில் காசு கேட்டுத் தமிழில் சில்லறை தருவது மட்டும் அப்படியே இருக்கிறது.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது மகளையும் கூட்டிக்கொண்டு தடா வழியாகப் போனோம். காரணம் அவள்தான். ஜூனியர் காலேஜ் முடித்துவிட்டாள். "குளோபல் ஸ்டடீஸ் படிக்கப் போறேன்ப்பா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பார் ஊற்றும்போது சொன்னாள். எனக்குக் கரண்டி நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாகச் சிங்கப்பூரில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். பெயரைக் கேட்டதும் என்ன வேலை கிடைக்கும் என்று புரிந்துவிடுகிற படிப்புதான் எங்கள் வீட்டில் படிப்பு. "உலகப் படிப்பா? உலகத்துல எதைப் படிக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். நானும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டேன், கொஞ்சம் நாகரிகமாக.

குளோபல் ஸ்டடீஸ் என்ற பெயரிலேயே வேண்டுமென்றால் இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதே போலத் துறைகளைக் கலந்து படிக்கும் இளங்கலை இந்தியாவில் வேண்டுமென்றால், தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் க்ரியா பல்கலைக்கழகம். 1970-இல் சென்னையில் தொடங்கிய ஐஎஃப்எம்ஆர் மேலாண்மைக் கல்விக்கூடமும் இப்போது அதில் ஒரு பகுதி. 2019-இல்தான் இளங்கலை முதல் செட் சேர்ந்தது. முதல் துணைவேந்தராக இருந்த சுந்தர் ராமஸ்வாமி, அதற்கு முன் அமெரிக்காவில் மான்டெரி சர்வதேசக் கல்வி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். இவர்கள் தங்கள் கல்விமுறைக்குச் சொல்லும் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஊடும் பாவுமாக நெய்த கல்வி' என்று வரும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை ராக்கெட்டில் தொடங்குகிறது. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவுக்குப் பயம் பிடித்தது. 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் போட்டார்கள். கணக்கு, விஞ்ஞானத்தோடு, அங்கே யாரும் படிக்காத வெளிநாட்டு மொழிகளுக்கும் பணம் கொட்டினார்கள். தமிழுக்கும் அதில் பங்கு கிடைத்தது. தெற்காசியாவுக்கு ஒரு துறை, ஆப்பிரிக்காவுக்கு ஒரு துறை என்று உலகத்தை அறை அறையாகப் பிரித்தார்கள். 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபிறகு, அறைகளுக்கு நடுவே போய்வரும் சரக்கு, பணம், மனிதர்கள் இவற்றை யார் படிப்பது என்ற கேள்வி வந்தது. அந்தத் தொண்ணூறுகளில் குளோபல் ஸ்டடீஸ் என்று பலகை மாட்ட ஆரம்பித்தார்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் நம் ராக்கெட்டும் பறக்கிறது என்பது தற்செயல்தான். ஆனால் மகளிடம் சொல்ல வசதியாக இருந்தது :-)

இனி அந்தச் சிரிப்பு. தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் தென்முனையில் பழவேற்காடு. டச்சுக் கம்பெனி 1610-இல் அங்கே இடம் பிடித்து, 1613-இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. அவர்களுக்கு வேண்டியது ஜாதிக்காய், கிராம்பு. அவை விளைவதோ இந்தோனேசியப் பக்கத் தீவுகளில். அங்கே வெள்ளிக்காசைவிட நம் கரைத் துணிக்குத்தான் மரியாதை. துணி இல்லாமல் மசாலா இல்லை. ஆக, நம் சுற்றுவட்ட கிராமத்துத் தறியில் நெய்தது தீவுகளில் ஜாதிக்காயாக மாறி, ஆம்ஸ்டர்டாமில் காசாக மாறியது.

1621-இல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளில் கூன் என்ற டச்சுக் கவர்னர் ஜெனரல் அந்த மக்களைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டார். பிறகு தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே. கடல் தாண்டி அடிமைகளைக் கொண்டுபோனார்கள். பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் பழவேற்காட்டிலிருந்தும் இந்தக் கரையின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். துணி ஏற்றிய அதே துறையில் மனிதர்களையும் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பழவேற்காடு என்றால் எனக்கு இறாலும் நண்டும்தான்.

ஏரிக்கு வடக்கே துர்கராஜபட்டினம். ஆங்கிலேயர் 1626 வாக்கில் அங்கே ஒரு கோட்டை போட்டு ஆர்மகான் என்று அழைத்தார்கள். உதவி செய்த ஆறுமுக முதலியாரின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். அங்கே இருந்த பிரான்சிஸ் டே என்ற அதிகாரி நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்து, 1639-இல் மதராசப்பட்டினத்துக்கு அனுமதி வாங்கினார். மீதி உங்களுக்குத் தெரியும்.

இதை எந்தத் துறையில் படிப்பது? பொருளாதாரம் தறியைப் பார்க்கும். சரித்திரம் கோட்டையைப் பார்க்கும். டச்சுக் கம்பெனி ஆவணங்கள் ஹேக் நகரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான அலமாரிகளில் இருக்கின்றன. படிக்கப் பழைய டச்சு வேண்டும். நெசவாளிகளையும் வியாபாரிகளையும் பற்றி அறியத் தமிழும் தெலுங்கும், துணி போய்ச் சேர்ந்த இடத்துக்கு மலாயும் வேண்டும். காரில் மகள் இதைத்தான் சொன்னாள், எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் என் பயம் முழுக்கப் போகவில்லை. எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டுப் பசியோடு எழுந்திருக்கிற ஆபத்து இந்தப் படிப்பில் நிஜமாகவே உண்டு. அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஏதாவது ஒன்றை ஆழமாகப் படிக்க வேண்டும், புள்ளியியலோ ஒரு மொழியோ. யோசிப்பதாகச் சொன்னாள்.

அன்று மதியம் சத்தியவேட்டில் அத்தை வீட்டில் சாப்பாடு. அப்பாவின் அக்கா, எண்பதை நெருங்குகிறார். மகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஏதேதோ கேட்டாள். மெட்ராஸ்-ஆந்திரா எல்லைச் சட்டம் 1959-இல் வந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். நெல்லூர் மாவட்டத்திலிருந்த தடாவும் அதில்தான் சேர்ந்தது. அத்தை வீடு இருந்த இடத்திலேயே இருக்க, விலாசம் மட்டும் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. "நாங்க எங்கடி போனோம், அவங்கதான் கோட்டை மாத்திக்கினாங்க" என்றார் அத்தை. அப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர் திரும்பியதும் கேலாங் சிராய் சந்தைக்கு மீன் வாங்கப் போனோம். மலாய்க்காரர் கடையில் கட்டம் போட்ட கைலிகள் தொங்கின. மகள் ஒன்றை எடுத்து இதன் பெயர் என்ன என்று கேட்டாள். 'காயின் பெலிக்காட்' என்றார் கடைக்காரர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால் பழவேற்காடு, வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆன அதே ஊர். இவ்வளவு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

பேரம் பேசி இரண்டு வாங்கினாள். ஒன்று எனக்கு, ஒன்று அவள் தாத்தாவுக்கு. இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.