தவிட்டோடு போன உயிர்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்திருந்தால் இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வழியில் எங்காவது ஒரு பழைய ரைஸ்மில் வரும். அதற்கு முன்னால் அதன் வாடை வரும். சிமென்ட் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறிக்கிடக்கும் நெல்லின் புளித்த வாடை. சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள்.

நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். இப்போது செய்வதில்லை. அந்த வாடைக்கு நாம் எவ்வளவு பெரிய கடன்காரர்கள் என்று தெரிந்துபோய்விட்டது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயப்போட்டு, பிறகு குத்தினால் புழுங்கல் அரிசி. அவிக்காமல் அப்படியே குத்தினால் பச்சரிசி. இந்த வித்தியாசம் டெல்டாவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பொங்கல் வைக்க, சாமிக்குப் படைக்க, மாவு இடிக்கப் பச்சரிசி. அன்றாடச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலான வீடுகளில் புழுங்கல்.

ஏன் இத்தனை மெனக்கெட்டு அவித்தார்கள்? எங்கள் பாட்டியைக் கேட்டிருக்கிறேன். "அவிச்சா அரிசி உடையாதுடா, நொய் விழாது. சோறு குழையாது. பூச்சி சீக்கிரம் அண்டாது" என்பார். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டு நெல் நனைந்துபோனால், அவித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். எல்லாமே வீட்டுச் சிக்கனம் சார்ந்த காரணங்கள். அதில் மருத்துவம் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

ஆனால் நடந்தது மருத்துவம்தான். அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் கடல் தாண்டிப் போகவேண்டும்.

பெரிபெரி என்று ஒரு நோய். முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கும். இதயம் பலமிழந்து ஒருநாள் பொசுக்கென்று நின்றுவிடும். சிங்களத்தில் 'பெரி' என்றால் முடியாது என்று அர்த்தம். 'முடியவில்லை, முடியவில்லை' என்று நோயாளி புலம்பியதே நோயின் பெயராகிவிட்டது என்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரிசி தின்னும் ஆசியாவில் இந்த நோய் பேயாட்டம் ஆடியது. காரணம் ஒரு மெஷின். ரங்கூனிலும் பாங்காக்கிலும் சைகோனிலும் நீராவி ரைஸ்மில்கள் வந்துவிட்டன. உரலும் உலக்கையும் எவ்வளவு குத்தினாலும் அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷினோ வழித்துத் துடைத்து, முத்துப்போல வெள்ளை வெளேரென்று கொடுத்தது. பார்க்க அழகு. விலையும் மலிவு. ஜெயிலுக்கு, ராணுவத்துக்கு, சுரங்கத்துக்கு, கப்பலுக்கு எல்லாம் அதுவே போனது. போன இடமெல்லாம் பெரிபெரி.

டாக்டர்கள் கிருமியைத் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாஸ்டரும் கோக்கும் உலகத்துக்குக் கிருமியைக் காட்டிக்கொடுத்திருந்த காலம் அது. எல்லா நோய்க்கும் பின்னால் ஒரு கிருமி இருந்தே தீரவேண்டும்!

டச்சுக்காரர்களின் படாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மான் என்ற டாக்டர் கோழிகளுக்கு நோயை வரவழைக்க முயன்றுகொண்டிருந்தார். 1889-ல் கோழிகள் தாமாகவே தள்ளாட ஆரம்பித்தன. அப்புறம் மாயம்போல் தாமாகவே குணமாயின. என்னடா இது என்று துருவிப் பார்த்தால், சமாசாரம் சமையல்கட்டில் இருந்தது. முதலில் ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த புதுச் சமையல்காரர், 'ராணுவச் சோறு சிவிலியன் கோழிகளுக்குக் கிடையாது' என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின. பிழைத்துக்கொண்டன. அந்தக் கோழிகள் காட்டிய வழியில் போன ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு யார் தரப்போகிறார்கள்?

இனி நம் கதைக்கு வருவோம். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி, கங்காணிகளின் பின்னால் மலேயாவுக்குப் போனவர்களில் தஞ்சை ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். தோட்டத்தில் வேலை. மலேரியா அவர்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. ஆனால் பக்கத்திலேயே ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைக் கொன்று குவித்த பெரிபெரி மட்டும், தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

அதே ஊர். அதே வெயில். அதே கொசு. பிறகு ஏன்?

பிராடன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் இருவரின் தட்டையும் எட்டிப் பார்த்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் ஊறுகிறது என்று அவர் நினைத்தார். 1907-ல் புத்தகமே போட்டார். விஷம் என்ற முடிவு தப்பு. ஆனால் கை காட்டிய இடம் சரி.

இதைச் சோதிக்க, ஃப்ளெட்சர் என்ற இன்னொரு டாக்டர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒற்றைப்படைக்காரர்களுக்கு சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. 1906 முழுக்க இதே ஏற்பாடு. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இன்றைக்கு இப்படி ஒரு பரிசோதனைக்கு எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது. ஆனாலும் ஊர், பேர் தெரியாத அந்தப் பதினெட்டுப் பேரின் சாவில்தான் நம் சோற்றுப் பானையின் ரகசியம் வெளியே வந்தது. ஒரு நிமிஷம் அவர்களை நினைத்துக்கொள்வோம்.

அடுத்து ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் மலேயாக் காட்டில் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஜாவாத் தொழிலாளர்களிடம் மறுபடி சோதித்து, விஷமெல்லாம் இல்லை, தவிட்டில் இருக்கவேண்டிய ஏதோ ஒன்று இல்லாமல் போவதுதான் பிரச்னை என்றார்கள். அந்த ஏதோ ஒன்றைத் தேடிய ஃபங்க் என்ற போலந்துக்காரர் 1912-ல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். வைட்டமின்! ஆமாம், இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் கலர் கலராக விற்கிறதே, அந்தச் சொல் பிறந்ததே அரிசித் தவிட்டில்தான். கடைசியில் 1936-ல் அதன் ரசாயன அமைப்பைக் கண்டுபிடித்து, செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூரில்.

அதே மாகாணத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. குன்னூரில் 1918-ல் மெக்கேரிசன் ஓர் அறையில் ஆரம்பித்த ஆய்வுக்கூடம், பின்னாளில் ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. குன்னூர்க்காரர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, இந்தியாவில் பெரிபெரியின் தாய்வீடு கடலோர ஆந்திரம் என்று தெரிந்தது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசிச் சாப்பாடு. காவிரி டெல்டாவிலும் மூன்று வேளை அரிசிதான். ஆனால் புழுங்கல். தப்பித்துக்கொண்டோம்.

எப்படித் தப்பித்தோம்? நான் பி.காம். படித்தவன். ரசாயனத்தைக் கண்டால் ஒதுங்கிப்போகிற ஜாதி. ஆனால் வரவு செலவு புரியும். நெல் ஊறி அவியும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, தண்ணீரோடு கரைந்து அரிசிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு மில்லில் தவிட்டைச் சீவினாலும் உள்ளே இறங்கியது முழுசாகப் போவதில்லை. மில் பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம். மில் புழுங்கல் அரிசியில் 0.21. தினமும் அரைக்கிலோ அரிசியை மட்டுமே நம்பி உழைக்கிற ஆளுக்கு முதலாவதில் 0.3 வரவு. இரண்டாவதில் ஒன்றுக்கு மேல். உடம்புக்குத் தினம் தேவை ஒன்றுக்குச் சற்று அதிகம். உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்றது இந்தச் சின்னக் கணக்குதான்.

இன்னொரு கூத்தையும் பாருங்கள். சீவிய தவிடு யாருக்குப் போனது? மாட்டுக்கு. அரிசி களைந்த கழுநீர்? மாட்டுக்கு. வடித்த கஞ்சி? பாதி நாள் அதுவும் கழுநீர்ப் பானைக்கு, அதாவது மாட்டுக்கு. வீட்டிலேயே சத்தாகச் சாப்பிட்ட ஜீவன் கொட்டிலில்தான் கட்டிக்கிடந்தது! பழைய சோற்றை நீராகாரத்தோடு குடித்துவிட்டு வயலுக்குப் போனவர் கெட்டிக்காரர். தண்ணீரில் கரைந்ததும் அவர் வயிற்றுக்கே போயிற்று.

சரி, பெரிபெரிதான் ஒழிந்துவிட்டதே, இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். ஒழியவில்லை. அங்குதான் விஷயம்.

சமீப வருஷங்களில் காஷ்மீரிலும் அஸ்ஸாமிலும் பால்குடிக் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்திருப்பதை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாக இருந்த இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று பால் குடிக்காது. வாந்தி எடுக்கும். மூச்சு வாங்கும். சில குழந்தைகளுக்கு அழுகைச் சத்தமே கம்மிவிடும். காரணம், பெற்றவளின் பத்தியம். தீட்டிய வெள்ளைச் சோறும் பெயருக்கு ஏதோ தொட்டுக்கொள்ளவும் கொடுத்தால், தாய்ப்பாலில் தயமின் எங்கிருந்து வரும்? நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் தயமின் ஊசி போட்டால், சில மணி நேரத்திலேயே குழந்தை தேறும். தெரியாமல் விட்டால் உயிர் போகும்.

நம் ஊரில் பத்தியம் இல்லையா? 'பருப்பு வாயு, கீரை சீதளம், காய்கறி ஆகாது' என்று மிளகு ரசம் சாதத்திலேயே நாற்பது நாளை ஓட்டுகிற வீடுகள் எனக்கே தெரியும். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் தயவுசெய்து அவள் தட்டைப் பாருங்கள். பருப்பு, பயறு, எள், வேர்க்கடலை, கீரை, முட்டை, மீன் என்று உங்கள் வழக்கப்படி எதுவோ, அது தட்டில் இருக்கட்டும். இந்த வைட்டமினை உடம்பு பேங்கில் போட்டு வைத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வாரம் வரவு நின்றால் கையிருப்பு காலி. தினமும் குடிக்கிறவர்கள், மசக்கையில் வாந்தி நிற்காமல் எடுக்கும் கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு. டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மற்றபடி, அரிசியை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஏழெட்டு தண்ணீர் விட்டு அலசாதீர்கள். இரண்டு தண்ணீர் போதும். கஞ்சியைக் கொட்டாதீர்கள்.

அதற்காக, புழுங்கல் அரிசிதான் சர்வரோக நிவாரணி என்று கிளம்பிவிடவும் கூடாது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்றது. அவித்தாலும் வடித்தாலும் சோறு சோறுதான். வரப்பில் நடந்தவர் தின்ற அளவை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தின்னக்கூடாது.

பாட்டிக்கு தயமின் தெரியாது. நொய் விழக்கூடாது என்றுதான் அவித்தார். அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது. ஆனால் அதே பாட்டிதான் பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு ஆகாது என்றும் சொன்னார். முன்னோர் சொன்னது எல்லாமே சரி என்பதும் சோம்பேறித்தனம். எல்லாமே தப்பு என்பதும் சோம்பேறித்தனம். ஐக்மான் கோழிக் கூண்டைப் பார்த்ததுபோல, பிராடன் தட்டை எட்டிப் பார்த்ததுபோல, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அடுத்தமுறை அந்த பஸ்ஸில் போகும்போது ரைஸ்மில் வாடை வந்தால், கைக்குட்டையை எடுக்காதீர்கள். ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள். பரவாயில்லை, கொஞ்சம் புளிக்கும்.