எஃகு மிதிவண்டியும் ஏறியவர் தீர்ப்பும்

ஒரு பொருளைச் செய்தவர் அதைப் பற்றிக் கூறுவது ஒன்று. அதை நாள்தோறும் கையாளுகிறவர் கூறுவது மற்றொன்று. சரித்திர நூல்கள் பெரும்பாலும் முன்னவர் சொல்லையே பதிந்து வைத்திருக்கின்றன. யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் கண்டுபிடித்தார், எங்கே விற்றார் என்ற செய்திகள் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. ஏறி மிதித்தவர் என்ன நினைத்தார் என்பதை எழுதி வைப்பவர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு கருவி நிலைக்குமா நிலைக்காதா என்று இறுதியில் தீர்ப்புக் கூறுகிறவர் அவரே. இவ்வுண்மைக்குச் சான்றாக, நம் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய கனத்த எஃகு சைக்கிளின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இன்று நாம் காணும் சைக்கிளின் வடிவம் 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உருப்பெற்றது. அதற்கு முன்பு ஓடிய வண்டியில் முன் சக்கரம் மார்பளவு உயர்ந்தும், பின் சக்கரம் முழ உயரமே கொண்டும் இருந்தன. அதன்மேல் ஏறுவதே ஒரு வித்தை; விழுந்தால் தலைகுப்புற விழவேண்டியதுதான். ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் சக்கரங்கள் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவாக அமைத்து, சங்கிலியைக் கொண்டு பின் சக்கரத்தைச் சுழலச் செய்தார். ‘ரோவர்’ என்ற அந்த வண்டியே இன்றைய சைக்கிள்களுக்கெல்லாம் மூதாதை. மூன்றாண்டுகள் கழித்து, 1888-இல், பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இதற்கிடையே பர்மிங்காம் நகரத்தார் மூட்டு வாய் இல்லாத எஃகுக் குழாய்களை இழுத்துச் செய்வதில் தேர்ச்சி பெற்றனர். நடுவில் மெலிந்தும் இரு முனைகளில் தடித்தும் அமைந்த குழாய்க்கு 1897-ஆம் ஆண்டில் ரெனால்ட்ஸ் என்பவர் உரிமை பெற்றார். பளு எங்கே மிகுதியாக விழுகிறதோ அங்கே கனமும், விழாத இடத்தில் சிக்கனமும் வேண்டும் என்பதே அதன் தத்துவம்.

இவ்வாறு எழுந்த வண்டிகளுள் அன்றாடப் பயணத்துக்கென்றே அமைந்தது ‘ரோட்ஸ்டர்’ என்னும் வகை. அதன் அங்க இலக்கணம் நம் நாட்டில் பலருக்கும் மனப்பாடம். 28 அங்குலச் சக்கரங்கள், முன் சக்கரத்தில் 32 கம்பிகள், பின் சக்கரத்தில் 40 கம்பிகள், இரும்புக் கோல்களால் இயங்கும் பிரேக், சங்கிலியை முழுவதும் மூடும் உறை, கேரியர், ஸ்டாண்டு, மணி. மொத்த எடை ஏறத்தாழ 20 கிலோ. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளியும், முன்புறம் சாய்ந்து நீண்ட போர்க்கும் சேர்ந்து, பள்ளமும் மேடுமான பாதையின் அதிர்ச்சியை ஓரளவு தாமே தாங்கிக்கொள்ளும்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இவ்வகை வண்டிகளே முதலில் இந்தியாவில் ஓடின. இரண்டாம் உலகப் போரை ஒட்டி இங்கேயும் சைக்கிள் உற்பத்தி தலையெடுத்தது. விடுதலைக்குப் பின்னர் அது விரைந்து வளர்ந்தது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1951-இல் சோனிப்பட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் எழுந்தன. பெயர்கள் பலவாயினும் அவற்றின் கறுப்பு நிற எஃகு வண்டி ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது போன்றது. மேனாட்டார் இலேசான வண்டிகளை நோக்கியும், பிறகு மோட்டார் வண்டிகளை நோக்கியும் சென்ற காலத்திலும் நம்மவர் இந்தக் கனத்த வண்டியை விடவில்லை. ஏன்?

இக்கேள்வியை நான் சைக்கிள் மிதிப்பவர்கள் பலரிடம் கேட்டு வந்திருக்கிறேன். பால்காரர் ஒருவர் தந்த விடை கணக்காகவே வந்தது. “வண்டி 20 கிலோ, நான் 60 கிலோ, பால் 40 கிலோ. ஆக 120. வண்டியில் ஐந்து கிலோ குறைந்தால் 115 ஆகும். அந்த ஐந்து கிலோவுக்காக, பாலோடு என்னை நடுவழியில் இறக்கிவிடும் வண்டியை நான் வாங்குவேனா?” என்றார் அவர். ஓட்டப் பந்தயக்காரருக்குக் கிலோ பெரிது; பாரம் ஏற்றுகிறவருக்கு உறுதி பெரிது. பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர் வேறொரு காரணம் கூறினார். எஃகு வளைந்தால் நிமிர்த்தலாம். சக்கரம் கோணினால் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுக்கலாம். சட்டம் விரிசல் கண்டால் பற்றவைக்கலாம். ஒரு நிறுவனத்தின் வண்டிக்கு மற்றொன்றின் உறுப்புகள் பலவும் பொருந்தும். சில கருவிகளும் ஒரு தொட்டித் தண்ணீரும் இருந்தால் மரத்தடியிலேயே மருத்துவமனை தயார்!

அவர் அனுபவத்தால் அறிந்ததை உலோக நூலும் உறுதிப்படுத்துகிறது. மென் எஃகு ஒடிவதற்கு முன்பு வளையும் இயல்புடையது. ஆகவே ஆபத்தை அது முன்கூட்டி அறிவிக்கிறது. மேலும், ஓர் எல்லைக்கு உட்பட்ட அழுத்தத்தை எத்தனை இலட்சம் முறை கொடுத்தாலும் அது களைப்படைவதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய திட்டமான எல்லை இல்லை. அதனால் அலுமினிய வண்டி கெட்டது என்று பொருளல்ல; அதை நுட்பமாகக் கணக்கிட்டுக் கட்டவேண்டும், ஒடிந்தால் சிற்றூரில் சீர்செய்வது அரிது என்பதே பொருள்.

பாரம் தாங்கும் ஆற்றலுக்கு உலக வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூ என்னும் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை அரண் அமைத்திருந்தது. மலைக்காடுகளைக் கடந்து எதிரிகளுக்குப் போதிய உணவும் தளவாடமும் வந்துசேரா என்று பிரெஞ்சுத் தளபதிகள் எண்ணினர். வியட்நாமியரோ சைக்கிளின் ஹாண்டில் பாரில் மூங்கிலைக் கட்டி நீட்டி, சட்டத்தின் இருபுறமும் மூட்டைகளை ஏற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தனர். ஒரு வண்டி 200 கிலோவும் அதற்கு மேலும் சுமந்தது. அவற்றுள் பல பிரான்சு நாட்டிலேயே செய்யப்பட்ட பெஜோ வண்டிகள்! அவ்வாண்டு மே 7-ஆம் நாள் அரண் வீழ்ந்தது. வெற்றிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சைக்கிளும் ஒன்று.

எனினும், குறைகளை மறைத்துப் புகழ்வது வரலாறு ஆகாது. மழையில் நனைந்த எஃகு ரிம்மை அந்தக் கோல் பிரேக் எளிதில் பற்றாது. கவனியாது விட்டால் துரு ஏறும். உயரமான சட்டம் குள்ளமானவருக்கும் சிறுவருக்கும் துன்பம். நம் சிறுவர்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ போடக் கற்றது விளையாட்டால் மட்டுமன்று. அளவான வண்டி கிட்டாமையாலும்தான்.

ஆனால் இதே பாரைப் பற்றிப் பெண்கள் வழங்கிய தீர்ப்பு ஒன்று உண்டு. மாணவ நண்பர்களே, அதை நீங்கள் மறவாது நினைவிற்கொள்ள வேண்டும். 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் கற்பிப்பதையும் அவ்வியக்கத்தின் பகுதியாக்கினார். கல்லுடைக்கும் பெண்களும், வயலில் உழைக்கும் பெண்களும், செவிலியரும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் கற்றனர். கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் வீதியில் மிதித்தனர். பெண்களுக்கென்று பார் இல்லாத வண்டி உண்டு. அதுவே அவர்களுக்கு ஏற்றது என்பது செய்தவர் எண்ணம். அது போதிய அளவு கிடைக்காதபோது, ஆண்கள் வண்டியையே பலர் வாங்கினர். அதிலும் சிலர் அதையே விரும்பினர். காரணம், அந்தப் பாரின்மேல் குழந்தையை உட்காரவைக்கலாம்! முன்னே குழந்தை, பின்னே தண்ணீர்க் குடம்; பேருந்துக்கு ஆணோடு சேர்ந்து காத்திராமல் தன் காலத்தில் தான் புறப்படும் உரிமை. தடை என்று கருதப்பட்ட இரும்புக் கோலை இருக்கையாக மாற்றியவர் எந்தப் பொறியியலாளரும் அல்லர். அதன்மேல் ஏறிய தாய்மாரே.

அதன் பின்னர் காலம் மாறிற்று. மோட்டார் சைக்கிள்கள் பெருகின. பல்விசை பூண்ட இலேசான சைக்கிள்கள் கடைகளை நிறைத்தன. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. அது உலக மிதிவண்டி நாள் என்பது காலத்தின் முரண். ஆயினும் கறுப்பு வண்டி முற்றும் மறைந்துவிடவில்லை. சந்தை வாயில்களிலும், மீன் ஏலம் நடைபெறும் கடற்கரைகளிலும், இளநீர்க் குலை தொங்கும் தெரு முனைகளிலும் அது இன்னும் உழைக்கிறது.

ஒரு வண்டி மறைவது பற்றி நான் வருந்தவில்லை; அதைவிடச் சிறந்தது வந்தால் வரவேற்கவே வேண்டும். ஆனால் ‘சிறந்தது’ என்பதை யார் அளப்பது, எந்தக் கோலால் அளப்பது என்பதே கேள்வி. விளம்பரம் வேகத்தைக் காட்டுகிறது; எடையைக் காட்டுகிறது; நிறத்தைக் காட்டுகிறது. ஏறியவரோ வேறு மூன்று கேள்விகளைக் கேட்டார்: என் பாரத்தை இது தாங்குமா? என் ஊர்ப் பாதையில் ஓடுமா? கெட்டால் என் ஊரிலேயே சீர்செய்யலாமா? இம்மூன்றும் சைக்கிளுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. உங்களுள் பலர் நாளை கருவிகளை வடிவமைப்பீர்கள். இன்னும் பலர் அவற்றை வாங்குவீர்கள். வடிவமைக்கும்போது, ஏறப்போகிறவரை முதலில் கேளுங்கள். வாங்கும்போது, ஏற்கெனவே ஏறியவரைக் கேளுங்கள். பல்லாண்டு மிதித்த கால்கள் பல நூல்களும் எழுதாத செய்தியை அறிந்திருக்கின்றன.